வாய் மூடிய வட்டம்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். கூரை இல்லாத வீடு, சுவர் இல்லாத வீடு, குடியிருக்க ஆள் இல்லாத வீடு. ஆனாலும் ஆகாயத்தில் வருகிற விருந்தாளி நூறு ஊரைத் தாண்டி, ஆயிரம் ஓட்டு வீட்டைத் தாண்டி, அந்த ஒரு வீட்டைத் தேடித்தான் வருவான். வந்தவன் இறங்கமாட்டான், ஒரு வாய் தண்ணீர் கேட்கமாட்டான், கொண்டுவந்ததை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அது என்ன வீடு?

தெரியாவிட்டால் பாதகமில்லை. கொல்லாவிளையில் பால்பல் விழாத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்: அது தேரிக்குள் சுண்ணாம்பால் போட்டிருக்கிற வட்டம்.

தேரி என்றால் செக்கச்செவேல் என்ற மணல்மேடு. மேட்டுக்குப் பின்னால் மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, நடுநடுவே கொல்லாமரம் என்கிற முந்திரிமரமும் உடைமரமும் ஒற்றைப் பனையும். ஆடிக்காற்று அடித்தால் அந்த மணல் நடக்கும். பனைக்கு மேற்கே இருந்த மேடு காற்றுக்காலம் கழிந்து பார்த்தால் பனைக்குக் கிழக்கே உட்கார்ந்திருக்கும். விமானங்கள் குண்டுபோட்டுப் பழகுவதற்கு என்று அந்தத் தேரியை எடுத்தபோது, ஆளில்லாத நிலம் என்று எழுதி எடுத்தார்கள். கொல்லாமரமும் உடைமரமும் ஆள் இல்லைதான். அவற்றின் அடியில் கொட்டை பொறுக்கியவர்களும், விறகு ஒடித்தவர்களும், ஆடு மேய்த்தவர்களும் எழுதவந்தவன் கண்ணுக்கு மரத்து நிழலாகத் தெரிந்திருப்பார்கள்.

கம்பி வேலி வந்தது, இரண்டு கோபுரம் வந்தது, ஒரு கொடிக்கம்பம் வந்தது, ரேஞ்சு என்று பெயர் வந்தது. கம்பத்தில் சிவப்புக்கொடி ஏறிச் சங்கு ஊதினால் ஊர்மாடு அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. முதலில் மணல்மேல் ஒரு நிழல் ஓடும், பிறகு விமானம் தெரியும், அது தாழ்ந்து எழும்பிப் போனபிறகுதான் சத்தம் வந்து காதைக் கிழிக்கும், அதற்குள் வட்டத்தின் நடுவில் புகை எழும்பியிருக்கும். இரண்டு கோபுரத்திலும் இருப்பவர்கள் புகை எழும்பிய இடத்தைக் குழாய்க் கண்ணாடியில் பார்த்து, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று மேலே இருக்கிறவனுக்கு ரேடியோவில் சொல்வார்கள். பயிற்சிக் குண்டுதான், பெரிதாக வெடிக்காது என்று ரேஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். தலைமேல் விழுகிற இரும்பு பெரிதாக வெடிக்கவும் வேண்டுமா என்று ஊரில் கேட்பார்கள்.

கொடி இறங்கிய பிறகு பெண்கள் உள்ளே போவார்கள். குழியை மூடி, மணலை மிதித்துச் சமமாக்கி, சிதறிய கல்லைப் பழையபடி அடுக்கி, நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து வட்டத்தைத் திரும்பவும் வெள்ளையாக்கி விட்டு வருவார்கள். மறுநாள் அது மறுபடி சிதறும். அந்த வேலைக்குப் போனவர்களில் ஒருத்தி பேராச்சி. அவள் புருஷன் கேரளத்தில் கல்லுடைக்கப் போனவன், போனில் வருவான், நேரில் வரமாட்டான். அவன் அக்காள் செல்லக்கனி, பேராச்சிக்கு மைனி, அவளுக்குப் பக்கத்தில் நின்று சுண்ணாம்பு அடிப்பாள். பேராச்சிக்கு ஒரே மகள், வெயிலுகந்தாள் என்று அம்மன் பெயர் வைத்து, வெயிலு என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை, மூன்றாம் வகுப்பு.

தேரியில் கோடு போடுகிறவர்கள் அதை முழுக்க மூடமாட்டார்கள். தோப்புக்கு முள்வேலி போட்டாலும், களத்துக்கு வரம்பு வைத்தாலும், பிள்ளைகள் பாண்டி விளையாடக் கட்டம் கிழித்தாலும், ஒரு சாண் இடம் விடுவார்கள். அதற்கு வாய் என்று பெயர். மணல் நடக்கிற ஊரில் மணலுக்கு வழி விட வேண்டும், அடைத்தால் அடைத்ததையும் தூக்கிக்கொண்டு அது நடக்கும் என்பது அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே தெரிந்த சங்கதி. சுண்ணாம்பு வட்டத்துக்கும் பெண்கள் ஒரு வாய் விட்டிருந்தார்கள். மேலே இருந்து படம் பிடித்துப் பார்க்கிற புதிய அதிகாரி ஒருவர் வரும்வரை அதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் ஒரு சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இந்த இடைவெளி எதற்கு?"

"அது வாய் சார்," என்றாள் பேராச்சி.

"என்ன வாய்?"

"வட்டத்துக்கு வாய். மணலு போவ வழி வேண்டாமா?"

அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பல் சுத்தமான சிரிப்பு. "வட்டத்துக்கு வாய் கிடையாது அம்மா. மூடுங்கள்."

எவள் கையும் அசையவில்லை. "எனக்கு ஆடு குட்டி இருக்கு சார், நான் கை வைக்க மாட்டேன்," என்றாள் செல்லக்கனி. மற்றவர்கள் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்று பேராச்சி வெயிலுவைக் கூட்டிவந்திருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்துக் குனிந்தார்.

"பாப்பா, பள்ளிக்கூடத்தில் வட்டம் வரைவீர்களா?"

"வரைவோம்."

"திறந்திருந்தால் அது வட்டமா?"

வெயிலு யோசித்தாள். "இல்ல. டீச்சர் தப்பு போடுவாவ."

"அப்படிச் சொல்லு. நீ மூடு பார்க்கலாம்."

பேராச்சி "ஏட்டி!" என்று எழும்புவதற்குள் பிள்ளை உள்ளங்கையைச் சுண்ணாம்பில் முக்கி அந்த ஒரு சாணையும் மெழுகி மூடிவிட்டாள். பெரிய மனிதர் கேட்டார், படிக்கிற பிள்ளை சரியாகச் செய்தாள். அதிகாரி கைதட்டி ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தபோது வட்டம் செல்லக்கனி வீட்டைச் சுற்றிக் கிடந்தது.

வெயிலுவுக்கு அது பழக்கம், எந்த வீட்டில் பேச்சு சுவாரசியமாக நீளுகிறதோ அந்த வீட்டில் தூங்கிவிடுவாள். முந்திய இரவு அத்தை வீட்டில் தூங்கியிருந்தாள். வட்டம் தரையில் மட்டும் கிடக்கவில்லை. முருங்கைமரத்தின் மேல் ஏறி, பக்கத்து வீட்டு அடுப்படியைப் பாதியாகப் பிரித்து, ஆட்டுக்கொட்டில் கூரையில் ஏறி இறங்கி, அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்த கிடாவின் முதுகிலும் ஒரு வெள்ளைக்கோடாகப் போயிருந்தது. செல்லக்கனி விளக்குமாற்றால் கூட்டினாள், போகவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், இன்னும் பளிச்சென்று ஆயிற்று. யாரோ வந்து ஒரு சாண் சுரண்டி வாய் திறந்துபார்த்தார்கள், தண்ணீரில் கிழித்த கோடுபோல அது திரும்பக் கூடிக்கொண்டது. "சரி, கெடந்துட்டுப் போவட்டும், சவம்," என்று செல்லக்கனி உலை வைத்தாள். சோறு கொதிக்கிறபோது சங்கு ஊதியது.

அன்றைக்குக் கொட்டிலில் ஓர் ஆடும் மிஞ்சவில்லை. செல்லக்கனிக்கு இடது காது அன்றோடு போயிற்று.

ஊர் திரண்டு ரேஞ்சு வாசலுக்குப் போய் நின்றது. தர்மக்கண் அண்ணாச்சி முன்னால் நின்றார். ஊர்த் தலைவர், கொல்லாக்கொட்டை மண்டி வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி கலையாதவர். அதிகாரி வெளியே வந்து எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார், நாற்காலி போதாதென்று வருத்தப்பட்டார்.

"ரேஞ்சுக்கு வெளியே ஒரு குண்டுகூட விழவில்லை," என்றார்.

"அப்பம் எங்க மைனி ஆட்டுக்கு அம்மையா போட்டிருந்துது?" என்று கேட்டாள் பேராச்சி.

"விமானி வட்டத்தைப் பார்த்துப் போட்டான். வட்டத்துக்குள்தான் விழுந்திருக்கிறது, அதுவும் நடு மத்தியில். வட்டம் அரசாங்கத்தினுடையது. எங்கள் வட்டத்துக்குள் உங்கள் ஆடு எப்படி வந்தது என்று நாங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. மனிதாபிமானத்தில் விட்டுவிடுகிறோம்."

அந்த மனிதாபிமானத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

வட்டம் அதற்குப் பிறகு ஊருக்குள் நடந்தது. ஒருநாள் கோயில் பக்கம், ஒருநாள் பள்ளிக்கூடம், ஒருநாள் தர்மக்கண் அண்ணாச்சியின் மண்டி, அங்கே வெயிலு டிவி பார்க்கப் போய் மூட்டைமேல் தூங்கியிருந்தாள். விமானங்களும் வந்தன, குறியும் தப்பவில்லை. வெறும் மணலில் போட்டதைவிட மூலையும் கூரையும் உள்ள இடத்தில் போடுவது பையன்களுக்கு நன்றாக வருகிறது என்று கோபுரத்தில் பேசிக்கொண்டார்களாம். ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் பழகிக்கொண்டது. விடிந்ததும் கதவைத் திறந்து வாசலுக்கு நீர் தெளிக்கிறவள் முதலில் கீழே பார்த்தாள். வெள்ளைக்கோடு தெரிந்தால் பாயைச் சுருட்டி, பானையை இடுப்பில் வைத்து, சாமி படத்தைக் கக்கத்தில் இடுக்கி, கோழியைக் கூடையில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அடுத்த தெருக்காரி சோறு போட வேண்டும் என்பது முறையாயிற்று, அந்தச் சோற்றுக்கு வட்டச்சோறு என்று பெயராயிற்று, வட்டச்சோற்றில் குழம்பு நீர்த்திருந்தால் அதைச் சொல்லிக்காட்டுவது வழக்கமாயிற்று. கல்யாணப் பத்திரிகையில் வட்டம் வந்தால் மறுநாள் முகூர்த்தம் என்று அச்சடித்தார்கள். ஓட்டைப் பிரித்து அடுக்கி வைத்துக்கொண்டு, விமானம் போனபிறகு திரும்ப மேய்கிற வித்தையில் கொல்லாவிளை கொத்தனார்களுக்கு வெளியூரில் பெயர் கிடைத்தது. அழுகிற பிள்ளையை "வட்டத்துக்குள்ள வுட்டுருவேன்" என்று பயமுறுத்தினார்கள். கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கோபப்பட்டவன் வீட்டுக்கு நாளை வட்டம் வந்தால் சோறு போட ஆள் வேண்டுமே என்று அவனும் மெல்லப் பேசினான்.

வட்டம் யாரைப் பின்தொடர்கிறது என்பது பேருந்தில் தெரிந்தது. பேராச்சி ஒரு மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு உடன்குடிச் சந்தைக்குப் போனாள். பிள்ளை மடியில் தூங்கிவிட்டாள். சன்னல் ஓரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேருந்தைச் சுற்றி வட்டம் ஓடிவந்துகொண்டிருந்தது, வாழைத்தோட்டத்தில் ஏறி, பனங்காட்டில் இறங்கி, குளத்துத் தண்ணீர்மேல் பாலாடை மாதிரி மிதந்து, கரையேறி, பேருந்து நின்றால் நின்று, புறப்பட்டால் புறப்பட்டு.

"யாரும்மா இதக் கூட்டிட்டு வந்தது?" என்று கத்தினார் கண்டக்டர். "அதுக்கும் சேத்து டிக்கெட் எடும்மா!"

பேருந்தே சிரித்தது. பேராச்சி சிரிக்கவில்லை. மகளைத் தட்டி எழுப்பினாள், வட்டம் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. அவள் திரும்பி வந்து இறங்குவதற்குள் ஊருக்குச் செய்தி வந்திருந்தது. செல்லக்கனி கேட்கிற காதை முன்னால் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏட்டி பேராச்சி, மொத நாளு ஒம் மவ எங்க வீட்டுலல்லா தூங்குனா?"

"ஆமா மைனி."

"மண்டியில விழுந்த அன்னைக்கு மண்டியில."

"ஆமா."

செல்லக்கனி தம்பி மகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையால் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றிலிருந்து கொல்லாவிளையில் வெயிலு நடந்துபோனால் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் ஜெபமணி டீச்சர் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்து, கண் சொருகினால் முழங்கையில் கிள்ளினார். பிள்ளைகள் முறைவைத்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். டீச்சர் நல்லவர், கிள்ளிய இடத்தில் பிறகு எண்ணெய் தடவுவார், தடவும்போது அவரும் கண்கலங்குவார். கிள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பேராச்சி பிள்ளையைத் தன் வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்தாள். நாலு நாள் சங்கு ஊதவில்லை, ஐந்தாம் நாள் அந்த வீடு சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல் போயிற்று. அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து கை நீட்டிப் பேசினார்கள். கேரளத்துக்குப் போய்விடலாம் என்று மூட்டை கட்டினாள், அந்தத் தடத்தில் ஓடிய எந்தக் கண்டக்டரும் அவளை ஏற்றவில்லை. நடந்தே போனாள், மூன்று ஊர் எல்லையிலும் ஆட்கள் கம்போடு நின்றார்கள்.

பிறகுதான் ஊர் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ஒருநாள் வெயிலு வாயெல்லாம் கருப்பட்டி மிட்டாயோடு வந்தாள்.

"யாருட்டி தந்தா?"

"அண்ணாச்சி தாத்தா. தோப்புல கட்டில் போட்டு, விசிறிவிட்டுத் தூங்கச் சொன்னாவ."

"எந்தத் தோப்புல?"

வெயிலு கைகாட்டிய பக்கம் தர்மக்கண் அண்ணாச்சியின் தோப்பு இல்லை. அவருக்கும் அவர் பங்காளிக்கும் கோர்ட்டில் கிடந்த தோப்பு. மறுநாள் பங்காளியின் மோட்டார் அறையும் கிணற்றுச் சுவரும் போயின. வழக்கு அதோடு தீர்ந்தது. அந்த வாரத்தில் பேராச்சி மகளுக்கு மிட்டாயும் சீனிக்கிழங்கும் பணியாரமும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தன. கதவைச் சாத்தினவர்களே தேடிவந்து, "ஏ வெயிலு, வா மக்கா, அங்கன ஒரு நல்ல நெழலு இருக்கு" என்று கொஞ்சினார்கள். ஒருத்தியின் மாமியார் வீட்டுக்குப் பின்னால், ஒருவனின் கடன்காரன் கடைக்கு முன்னால், ஒரு மதியத் தூக்கம். பிள்ளைக்கு எங்கே படுத்தாலும் பசித்தபோது தின்னக் கிடைத்தது. எங்கே எழுந்தாலும் அந்த இடம் மறுநாள் இருக்கவில்லை.

பேராச்சி விளக்குமாற்றோடு தெருவில் நின்றாள். "பலகாரம் தந்து எம்புள்ளையக் குண்டாக்கி எறியுதியளே, நாசமாப் போவிய! வானத்துலருந்து போடுதவனாவது மூஞ்சி தெரியாம போடுதான். நீங்க கன்னத்தத் தடவிட்டுப் போடுதிய!"

அவரவர் வாசலில் நின்று, அடுத்தவனைச் சொல்கிறாள் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

இது இப்படியே போகவிடாமல் ஊரை நிறுத்தியது நல்ல புத்தி இல்லை, பயம். இன்று நான் அவன் தோப்பில் படுக்கவைத்தால் நாளை அவன் என் வீட்டில் படுக்கவைப்பான் என்ற பயம். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ரேஞ்சு அதிகாரியும் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் இப்போது வட்டம் திரும்ப வேண்டியிருந்தது. தலைநகரிலிருந்து பெரிய விருந்தினர்கள் வந்து விமானங்கள் குண்டுபோடுவதை நேரில் பார்க்கப் போகிறார்கள், பந்தல் ரேஞ்சில் போட்டாகிவிட்டது, வட்டம் மட்டும் ஒருத்தியின் மாட்டுத்தொழுவத்தில் கிடந்தது.

"ரொம்பச் சுலபம்," என்றார் அதிகாரி. "வட்டம் இருந்த இடத்திலேயே ஒரு குடில் கட்டித்தருகிறோம். கட்டில், மெத்தை, கொசுவலை. பாப்பா ராத்திரி அங்கே தூங்கட்டும். காலையில் கொடி ஏறுவதற்கு முன்னால் ஜீப் வந்து கூட்டிவரும். இப்போதே வேலை போட்டுத் தருகிறோம், ஆயுசுக்கும் சம்பளம்."

"ஆயுசுக்கும்னா?" என்று கேட்டாள் பேராச்சி.

"எத்தனை நாள் ரேஞ்சு இருக்கிறதோ அத்தனை நாள்."

"ராத்திரி தேரிக்குள்ள அவ ஒத்தையிலயா?"

"வேறு யாரும் தங்க விதியில்லை."

"வெடிக்காத குண்டு மணலுக்குள்ள கெடக்கே சார். நாங்க சுண்ணாம்பு அடிக்கப் போவயிலே ஒவ்வொரு அடியும் ஒங்க ஆளு காட்டுன எடத்துலதான வைப்போம்."

"பாப்பாவுக்கு வழி பழகிவிடும்."

"ஒருநாளு ஜீப்பு வரலன்னா?"

"வரும்."

"டயரு பஞ்சராச்சுன்னா? டிரைவரு குடிச்சிட்டுப் படுத்துட்டான்னா?"

"சங்கு ஊதுமே அம்மா," என்றார் அதிகாரி பொறுமையாக. "சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவரலாம்."

பேராச்சி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவராவது எழும்புவார்கள் என்று பார்த்தாள். தர்மக்கண் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"ஊருக்காக ஒரு புள்ள படுத்து எந்திரிக்கதுல என்ன கொறஞ்சு போச்சு பேராச்சி? சர்க்காரு வேல. இங்க எவன் மவளுக்குக் கெடைக்கு?"

"அப்பம் ஒங்க பேத்தியப் படுக்க வையும் அண்ணாச்சி."

"எம் பேத்தியா வட்டத்த மூடுனா?"

"மூடச் சொன்னவரு ஒங்க பக்கத்துலதான் குத்தவச்சிருக்காரு! அவர அங்கன கொண்டு படுக்கவையும், கொசுவலையோட!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு, அண்ணாச்சி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அப்போது செல்லக்கனி எழுந்தாள். பேராச்சிக்கு மூச்சு வந்தது. என்ன இருந்தாலும் அத்தைக்காரி.

"குடுத்துருட்டி," என்றாள் செல்லக்கனி, காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில். "எனக்கு இன்னும் ஒரு காதுதான் பாக்கி."

பேராச்சி சம்மதிக்கவில்லை. ஊர்க் கிணற்றில் அவள் பானை இறங்கக்கூடாது என்றார்கள், கடையில் அவளுக்கு உப்புத் தரக்கூடாது என்றார்கள், அவள் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். தண்ணீருக்கு ரேஞ்சு வேலியோரத்துக் கசிவுக் குழாய் வரை போய்வந்தாள். ஊர் எல்லைக்கு வெளியே உடைமரத்தடியில், அக்கம்பக்கம் ஒரு குடிசை இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளையோடு கிடந்தாள். பிள்ளை கண்ணயர்ந்த மறுநாள் அந்த மரம் போயிற்று, அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள், அதுவும் போயிற்று. நிழலுக்கு நிழல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஓடுகிறபோதெல்லாம் தூங்கவிடாமல் தட்டிக்கொண்டே ஓடினாள். ஒரு மதியம் வெயிலு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் இரண்டும் உள்ளே போய் மணல் நிறத்தில் சிவந்திருந்தன.

"யம்மா, தட்டாத. நான் போறேன். எங்கயாவது தூங்குனாப் போதும்."

பேராச்சி அன்றைக்குத்தான் அழுதாள். அழுத சத்தம் ஊர்வரை கேட்டது. சம்மதம் என்று ஊர் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டது.

விருந்தினர்கள் வந்த நாள் நல்ல காற்று. கோபுரத்துக்குப் பக்கத்தில் பந்தல், பந்தலுக்குள் மேடை, மேடைமேல் சிவப்புக் கம்பளம், கம்பளத்தின்மேல் வெள்ளைத்துணி போட்ட நாற்காலிகள், நாற்காலிகளில் கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிய பெரியவர்கள். எதிரே தேரிக்கு நடுவில் புதுக்குடில் தெரிந்தது, சிறியதாக, கோழிக்கூடு போல. மேடைக்குக் கீழே ஊர் நின்றது. வெயிலுவுக்கு ஊர்ச் செலவில் பட்டுப்பாவாடை எடுத்திருந்தார்கள். செல்லக்கனி தலைசீவிப் பூ வைத்துவிட்டாள். பேராச்சியை இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள், ஆதரவாகப் பிடித்தவர்கள் போலவே.

தர்மக்கண் அண்ணாச்சி பேசினார். இந்த ஊர் நாட்டுக்குத் தந்த பிள்ளை என்றார். அதிகாரி பேசினார், அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. விருந்தினர்களில் ஒருவர் மாலை போட்டார், மாலை பிள்ளையின் முழங்கால்வரை தொங்கியது. மேற்கே விமானங்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. குறிவைக்க ரேஞ்சில் வட்டமில்லாமல் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, பருந்துகளைப் போலப் பொறுமையாக. பாப்பா போய்க் கண்மூடினால் வட்டம் வந்துவிடும், உடனே எழுப்பி ஜீப்பில் கூட்டிவந்துவிடுவோம், பிறகு நிகழ்ச்சி என்று அதிகாரி விருந்தினர்களுக்கு விளக்கினார். அவர்கள் தலையாட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"போவாதட்டி!" என்று கத்தினாள் பேராச்சி. "வெயிலு, போவாதட்டி! தூங்காதட்டி! நான் தட்டிட்டே இருக்கேன், எத்தன வருசமானாலும் தட்டிட்டே இருக்கேன்!"

பிடித்திருந்தவர்கள் இறுக்கிப் பிடித்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தார்கள்.

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அதிகாரி மேடையில் குனிந்து, அன்றைக்கு வட்டத்தின் பக்கத்தில் குனிந்ததைப்போலவே குனிந்து, "போகலாமா பாப்பா?" என்றார்.

வெயிலு குடிலைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். கீழே நின்ற ஊரைப் பார்த்தாள், பூ வைத்த அத்தையையும், மிட்டாய் தந்த தாத்தாவையும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரையும். பெண்கள் கைக்குள் திமிறிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். நாற்காலிகளையும் பார்த்தாள்.

"நான் தூங்கணும், அவ்வளவுதான?"

"அவ்வளவுதான். நீ தூங்கினால் போதும்."

"சரி," என்று கம்பளத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கே இல்லை பாப்பா. அங்கே."

"இங்கதான்," என்றாள் வெயிலு.

மாலையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். விருந்தினர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் ஒருக்களித்துப் படுத்தாள். தூங்கினாள்.